வை, வைக்கோல், கட்டு

சம்பா அறுவடை முடிந்த வயலோரம் நின்று, “எத்தனை கட்டு தேறிச்சு?” என்று யாராவது கேட்டால் இன்றைக்கு அது வைக்கோலைப் பற்றிய கேள்வி. ஒரு தலைமுறைக்கு முன்னால் அதே கேள்விக்கு வேறு பொருள். கதிரோடு அறுத்து, அரி அரியாகப் போட்டு, சேர்த்துக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுபோனதுதான் அன்றைய கட்டு. அதில் நெல் இருந்தது. இன்று டிராக்டருக்குப் பின்னால் ஓடும் மிஷின் வைக்கோலை அள்ளி, உருட்டி, சணல் சுற்றித் தள்ளும் உருளைக்குக் கட்டு என்று பேர். அதில் நெல் இல்லை. காவிரிப் படுகையில் வைக்கோலைச் சுற்றியிருந்த சொற்கள் பலவற்றுக்கும் இப்படி ஏதோ ஒன்று நேர்ந்திருக்கிறது. சில பொருள் மாறின, சில மதிப்பிழந்தன, சில சொல்வதற்கு ஆளில்லாமல் கிடக்கின்றன. அவற்றை ஒருமுறை வரிசையாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வைக்கோல் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘வைத்த கோல்’ என்று பிரித்துப் பொருள் சொல்லத் தோன்றும். மாட்டுக்கென்று எடுத்து வைத்தது என்று அதற்கு விளக்கமும் எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் அது பொருந்தாது. வை என்ற ஒற்றை எழுத்தே பெயர்ச்சொல்லாக நின்று வைக்கோலைக் குறித்திருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இரண்டு கூரைகளைக் காட்டுகிறார். முல்லை நிலத்துச் சிற்றூரின் வீடுகளை வேய்ந்திருப்பது ‘கருவை’, அதாவது வரகின் வைக்கோல். மருதத்துக் குடிலை வேய்ந்திருப்பது ‘புதுவை’, அதாவது அந்தப் போகத்து நெல்லின் புது வைக்கோல். (புதுச்சேரியைச் சுருக்கி நாம் சொல்லும் புதுவை வேறு.) இரண்டிலும் கோல் இல்லை. கூரையைப் பார்த்தே அது எந்த நிலம், என்ன விளைகிறது என்று சொல்லிவிடலாம் என்பதைப் புலவர் அறிந்திருந்தார். அந்த அறிவை மூன்று எழுத்துச் சொற்களுக்குள் அவரால் அடக்க முடிந்தது.

கோல் என்பது தண்டு, குச்சி. அது ஏன் வந்து ஒட்டிக்கொண்டது? வை என்ற ஒலிக்குத் தமிழில் சுமை அதிகம். ‘இங்கே வை’ என்னும் வினை ஒன்று. கூர்மை என்ற பொருளில் தொல்காப்பிய உரியியல் சொல்லும் வை இன்னொன்று, வைவேல் என்பதில் இருப்பது அதுதான். இத்தனைக்கும் நடுவில் மாட்டுத் தீனியைத் தனித்துக் காட்ட ஒரு துணைச்சொல் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு. நெற்கதிரின் கூர்மையையும் வைக்கோலையும் முடிச்சுப்போட்டு ஒரே வேர் என்று காட்டும் ஆசை எனக்கும் உண்டுதான். ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தபின் அந்த ஆசையை விட்டுவிட்டேன். துளுவில் வைக்கோலுக்கு ‘பை’ என்றே பெயர். கடலோரக் கன்னடத்தில் ‘பைஹுல்லு’, வைக்கோல்புல் என்பதுபோல. மலையாளத்தில் நம்மைப்போலவே வைக்கோல். தெலுங்கில் இந்தச் சொல் இல்லை, ‘வரிகட்டி’ என்று நெற்புல்லாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழகத்துக்கு உள்ளேயே கொங்கு வட்டாரத்தில் ‘வைக்கப்புல்லு’ என்கிறார்கள். தஞ்சைப் பக்கம் ‘வைக்கல்’. தெற்கே போனால் குவியலைக் குறிக்கும் படப்போடு சேர்ந்து ‘வைக்கப்படப்பு’. எழுதும்போது மட்டும்தான் எல்லோருக்கும் வைக்கோல்.

வை குவிந்தால் போர். இந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சண்டையைக் குறிக்கும் போர், பொருதல் என்ற வினையிலிருந்து வந்தது. குவியலைக் குறிக்கும் போருக்குப் பழைய வடிவம் போர்பு. இரண்டும் வேறு சொற்கள். ஆனால் இரண்டும் நடக்கும் இடத்துக்கு ஒரே பெயர், களம். இந்த ஒற்றுமையைத் தமிழ்ப் புலவர்கள் சும்மா விடவில்லை. உழவர் களத்தில் நடப்பதையும் வீரர் களத்தில் நடப்பதையும் தொல்காப்பியம் வாகைத் திணையில் அடுத்தடுத்து வைக்கிறது. புறநானூற்றின் 369ஆம் பாட்டில் பரணர், சேரன் செங்குட்டுவனின் போர்க்களத்தை முழுக்க முழுக்க ஓர் உழவாகவே விரிக்கிறார். போர் நடக்கும் நிலம் வயலாகிறது, தலைகள் விளைந்த பயிராகின்றன, பிணக்குவியல்கள் போர்புகளாகின்றன, பேயும் நரியும் களம் அடிக்கின்றன. படிக்கும்போது உடம்பு கூசும். அந்தக் கூச்சம் வரவேண்டுமென்றால் வைக்கோற்போர் எப்படியிருக்கும், அதன்மேல் மாடுகள் எப்படிச் சுற்றிவரும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய மாணவருக்கு இந்தப் பாட்டை விளக்கும் ஆசிரியர் முதலில் களத்தை விளக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே களத்தையும் சொல்லிவிடுகிறேன். வயலிலிருந்து வந்த கட்டுகளைப் பிரித்து, கையளவு பிடித்து ஓங்கி அடிப்பது முதல் வேலை. பெரும்பங்கு நெல் இதிலேயே உதிர்ந்துவிடும். அடித்த தாளில் இன்னும் மணி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குவித்துச் சில நாள் கிடக்கவிட்டு, பிறகு களத்தில் வட்டமாகப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்து அதன்மேல் நடக்கவிடுவார்கள். இது போரடித்தல். பிணைத்த மாடுகள் பிணையல், பிணைத்த கயிறு தாம்பு. அதனால் தாம்படித்தல் என்றும் பேர் உண்டு, எருமைக் கடாக்களை ஓட்டியதால் கடாவிடுதல் என்றும் பேர் உண்டு. மதுரையில் இந்த வேலைக்கு யானைகளைக் கட்டியதாகச் சொல்லும் பழம்பாட்டைக் கேள்விப்படாத தமிழர் குறைவு. ஈழத்தில் அறுத்த கதிரை அடுக்கிவைத்த குவியலுக்குச் சூடு என்று பெயர், ஆகவே அங்கே சூடடித்தல். மாட்டின் குளம்பு மிதித்து மிதித்துத்தான் தாள் நசுங்கி மெத்தென்று ஆகிறது. அப்படி மிதிபட்ட பிறகே அது முழு வைக்கோல். மிதிபடாத தாள் விறைப்பாக இருக்கும், மாடு அரைமனதோடு தின்னும். வேலை முடிந்தபின் நெல்லும் தூசும் கலந்து நிற்பது பொலி. பொலிதல் என்றால் பெருகுதல். களத்தில் அளக்கும் வாய் முதலில் பொலி என்று சொல்லித்தான் எண்ணத் தொடங்கும்.

இந்தக் களத்திலிருந்து நகரத்துக்கு வந்து சீரழிந்த இரண்டு சொற்கள் உண்டு. குப்பை, கூளம். குப்பை என்றால் வெறும் குவியல். பெரும்பாணாற்றுப்படையில் தூற்றிக் குவித்த நெல்லே குப்பைதான், அது பொன்மலைபோலத் தோன்றுவதாகப் புலவர் வியக்கிறார். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்ற ஊர் இன்றும் இருக்கிறது, எழுத்தாளர் சோமலெ பிறந்த ஊர். அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் அது செல்வத்தின் பெயர் என்பதை அறிவதில்லை. கூளம் என்பது மிதிபட்டு நொறுங்கிய வைக்கோல் துண்டு. களத்தின் ஓரத்தில் ஒதுங்கும் அதையும் கூட்டி அள்ளி மாட்டுக்குப் போடுவார்கள், சாணத்தோடு சேர்த்து எருவாக்குவார்கள், சுவர் எழுப்பும் சேற்றில் மிதித்துச் சேர்ப்பார்கள். வீணாகப் போனது எதுவும் இல்லை. இன்று நகராட்சி வண்டியில் ஏறும் எல்லாவற்றுக்கும் ‘குப்பை கூளம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். எதையும் வீசியெறியாத ஒரு வாழ்க்கையின் சொற்களை வீசியெறிவதற்கே பயன்படுத்துகிறோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

போர் போடுவது ஒரு கைத்திறன். மேட்டுத்தரை பார்த்து, அடியில் கட்டையோ கல்லோ இட்டு, கரையான் ஏறாமல், ஈரம் பிடிக்காமல் அடித்தளம் அமைப்பார்கள். ஒருவர் மேலே நின்று மிதித்துக்கொண்டே சுற்றிவர, கீழிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். உச்சியைக் கூம்பாக்கி, பக்கங்களைக் கோதி விட்டால் ஐப்பசி மழையும் வழிந்தோடிவிடும், உள்ளே ஒரு சாண் ஆழத்தில் வைக்கோல் பொன்னிறமாகவே இருக்கும். தென்மாவட்டங்களில் இதற்குப் படப்பு என்று பெயர். சங்கப் பாடல்களில் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் படப்பை என்று பெயர் இருக்கிறது. வைக்கோல் குவித்துவைத்த கொல்லைப்புறமே குவியலுக்குப் பெயர் தந்திருக்குமோ என்று எனக்கு ஓர் எண்ணம். அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

வைக்கோலை முறுக்கினால் புரி, பேச்சில் பிரி. முப்புரிநூலில் வரும் அதே புரிதான். கதிர்க்கட்டைக் கட்ட இந்தப் பிரி. நெல்லைச் சேமிக்கவும் இதே பிரி. தஞ்சைப் பக்கம் வைக்கோற்பிரியை வட்டம் வட்டமாகச் சுற்றி உயர்த்தி, நடுவில் நெல்லைக் கொட்டி ‘சேர்’ கட்டுவார்கள். நெல்லைச் சீமையில் வைக்கோலுக்குள் விதைநெல்லைப் பொதிந்து பிரியால் இறுகச் சுற்றியது கோட்டை. அந்தக் கோட்டையே அளவாயிற்று, 21 மரக்கால் ஒரு கோட்டை. அளவு நிலத்தின் மேல் ஏறி, ஒரு கோட்டை நெல் விதைக்கும் நிலம் ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ ஆயிற்று. பத்திரங்களில் நிலத்தை அளந்த சொல்லுக்கு அடியில் முறுக்கிய வைக்கோல் இருக்கிறது. வயலில் நின்றுவிட்ட அடித்தண்டும் தன் பெயரைப் பயிருக்குத் தந்திருக்கிறது. குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது நடும் இரண்டாம் பயிர்தான் தாளடி.

இந்த உலகத்தைக் கலைத்தது கட்டு மிஷின் இல்லை, அதற்கு முன்னால் வந்த அறுவடை மிஷின். மாட்டுக்குப் பதில் டிராக்டரை ஓட்டிப் போரடித்தது வரை களம் இருந்தது. வைக்கோலைத் தார்ச்சாலையில் பரப்பிப் போகிற வண்டிகளை மிதிக்கவிட்ட காலத்திலும் போர் இருந்தது. வயலிலேயே அறுத்து, அடித்து, நெல்லை மட்டும் தொட்டியில் நிரப்பிக்கொண்டு போகும் எந்திரம் வந்ததும் களம் போயிற்று. தாள் முழங்காலுயரம் நின்றது, மேல்பாதி வயல் முழுக்கச் சிதறியது. அதைக் கையால் கூட்டி அள்ளும் கூலி வைக்கோல் விலையைவிட அதிகம். பலர் வயலிலேயே தீ வைத்தார்கள். பஞ்சாபிலும் அரியானாவிலும் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் எரிவது இப்படிக் கிடக்கும் வைக்கோல்தான்.

ஆகவே கட்டு மிஷினை நான் பழிக்க மாட்டேன். எரிந்திருக்க வேண்டிய வைக்கோலை மாட்டின் முன்னால் கொண்டுவந்து போட்டது அதுதான். செயின் வண்டி என்னும் அறுவடை மிஷின் அறுத்து வரிசையாக விட்டுப்போன வைக்கோலை இரண்டு மூன்று வெயில் காயவிட்டு, பின் மிஷின் ஓட்டுகிறார்கள். பற்கள் அள்ளுகின்றன, உருளைகள் சுருட்டுகின்றன, அளவு நிறைந்ததும் சணல் சுற்றிக்கொள்கிறது, பின்கதவு திறந்து கட்டு விழுகிறது. ஒரு ஆள் தூக்கிவிடலாம். லாரியில் அடுக்கினால் பாலக்காடு தாண்டிப் போகிறது, காளான் வளர்ப்பவரிடம் போகிறது, மாடு இரண்டே வைத்திருப்பவரின் தாழ்வாரத்திலும் அடங்குகிறது.

ஆனால் கட்டுக்குத் தன் குறை உண்டு. கையில் எடுத்து முறுக்கினால் முறுகி ஒடிய வேண்டும், ஈரம் தெரியக் கூடாது. பனி காயுமுன் அவசரப்பட்டு உருட்டினால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகி வெப்பம் ஏறும், நடுப்பகுதி கறுத்துப் பூசணம் பூக்கும், மாடு மோந்துவிட்டு நகரும். பெருங்குவியலாக அடுக்கியிருந்தால் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. குறுவை வைக்கோலுக்கு என்றைக்கும் மதிப்புக் குறைவதற்கும் இதுவே காரணம். அதன் அறுவடை மழையைத் தொட்டு வருகிறது. சம்பாவுக்குத் தையும் மாசியும் வெயில் தருகின்றன. போரில் மழை உச்சியோடு வழிந்தது. கட்டு வெளியில் கிடந்தால் நீரைக் குடித்துவிடும், அதற்குக் கொட்டகையோ தார்ப்பாயோ வேண்டும். கட்டைப் பிரித்தபின் மீந்த கயிறு மாட்டின் வயிற்றுக்குள் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரியால் கட்டிய காலத்தில் அந்தக் கவலை இல்லை, பிரியையும் மாடே தின்றது.

போர் இல்லாத ஊரில் பிணையல், தாம்பு, பொலி, பிரி, சேர் ஆகிய சொற்கள் எழுபது வயதைத் தாண்டியவர்கள் வாயில்தான் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இவற்றில் பலவற்றைப் பதிந்திருக்கிறது. கரிசல் சொற்களைக் கி. ராஜநாராயணனும், கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகனும், நடுநாட்டுச் சொற்களைக் கண்மணி குணசேகரனும் தனித்தனி அகராதிகளாகத் தொகுத்திருக்கிறார்கள். மூவருமே எழுத்தாளர்கள், தங்கள் உழைப்பால் செய்தார்கள். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வேளாண்மைச் சொற்களுக்கென்றே மாவட்டம் மாவட்டமாகத் திரட்டிய தொழிற்சொல் அகராதி 1962இல் வெளிவந்துவிட்டது, ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி அதை வெளியிட்டது. நம் வேளாண் கல்லூரிகளும் தமிழ்த்துறைகளும் சேர்ந்து உட்கார்ந்தால் படுகை முழுவதையும் ஓர் அறுவடைக் காலத்தில் கேட்டு எழுதிவிடலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் போர் போட்ட கை, பிரி முறுக்கிய கை இன்னும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உச்சிக்கு என்ன பெயர், பிடுங்கும் பக்கத்துக்கு என்ன பெயர், அரைக்கட்டுக்கு என்ன பெயர் என்று அவர்கள் சொல்கிறபடியே, ஊர்ப் பெயரோடு எழுதி வையுங்கள்.