குழிப்பந்தாட்டமும் மழையுடையும்

குழிப்பந்தாட்டம் (கோல்ஃப்) திறந்தவெளியில் நடந்துகொண்டே ஆடப்படுவது. 18 குழிகளை முடிக்கச் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். பந்தை அடிக்கும்போது உதவியாளர் குடை பிடிப்பதை விதிகள் ஏற்பதில்லை. ஆட்டக்காரர் தாமே பிடித்தால் ஒரு கையால்தான் அடிக்க இயலும். ஆகவே மழையைத் தாங்கும் பொறுப்பு உடையின்மேல் விழுந்தது.

மழையுடையின் வரலாறு

1823-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் சார்லஸ் மாக்கின்டாஷ், இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி நீர்புகாத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். அது குளிரில் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, வியர்வையையும் வெளியே விடவில்லை. 1879-இல் இங்கிலாந்தின் தாமஸ் பர்பெரி, நெருக்கமாக நெய்த கபர்டீன் துணியை உருவாக்கினார். அதில் காற்றோட்டம் இருந்ததால் விளையாட்டுகளுக்கும் ஏற்றதாயிற்று. 1969-இல் அமெரிக்காவின் ராபர்ட் கோர் கண்டறிந்த நுண்துளைப் படலம், மழைத்துளியைத் தடுத்து வியர்வை ஆவியை வெளியே விட்டது.

தமிழகச் சூழல்

1884-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் குழிப்பந்துத் திடல் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் அமைந்தது. கொடைக்கானலில் 1895-இல் கோல்ஃப் கிளப் தோன்றியது. மலையில் பெய்வது குளிர்மழை. அங்கு உடல்சூட்டைக் காக்கும் கனத்த உடை பொருந்தும். சென்னை முதல் திருப்போரூர், மாமல்லபுரம் வரையிலான கடற்கரையில் நிலை வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் காற்றில் ஈரம் மிகுந்து புழுக்கம் இருக்கும். வெளிக்காற்று ஈரமாக இருந்தால் நுண்துளைத் துணியிலும் ஆவி மெதுவாகவே வெளியேறும். மழையில் நனையாதவர் வியர்வையில் நனைவார். எனவே மெல்லிய, தளர்வான, அக்குளில் காற்றுவழி உள்ள மேலுடையே இங்கு ஏற்றது. தோள் தடையின்றித் திரும்பவும் வேண்டும்.

இதே தேவைக்கு உழவர்கள் முன்பே விடை கண்டிருந்தனர். சணல் சாக்கின் ஒரு மூலையை மறுமூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்க்கும் கொங்காணி, தலையையும் முதுகையும் மூடும். முன்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கும். நாற்று நட இரு கைகளும் ஓய்வாக இருக்கும்.

உடையின் எல்லை

எந்த மழையுடையும் மின்னலைத் தடுக்காது. வெட்டவெளியில் உலோகக் கோலுடன் நிற்பது உயிருக்கே ஆபத்து. மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதினால், ஆட்டக்காரர் தாமே ஆட்டத்தை நிறுத்த விதிகள் இடமளிக்கின்றன.