'தாயி' என்னும் சொல்லும் கொல்கத்தாவின் பெண் மருத்துவமும்

வங்காளத்தில் பிள்ளைப்பேறு பார்க்கும் பெண்ணுக்குத் 'தாயி' என்று பெயர். தமிழின் தாயோடு இதற்கு உறவில்லை. பாரசீகத்தில் செவிலித்தாயைக் குறிக்கும் 'தாயா' என்பதோடு இனமுடையது. அருகிலேயே 'தாத்ரி' என்ற வடசொல்லும் வழங்கியது. பொருள் ஏறத்தாழ ஒன்றே, மதிப்பு ஒன்றன்று. பாடநூல்கள் தாத்ரியை எடுத்துக்கொண்டன. தொப்புள்கொடி அறுப்பது தீட்டெனக் கருதப்பட்டமையால் அவ்வேலை டோம், ஹாடி, சமார் முதலிய சாதிப் பெண்களிடம் விடப்பட்டது. அவர்களுக்குத் 'தாயி' எஞ்சியது. (தமிழில் 'மருத்துவச்சி' என்ற சொல்லின் சாதிப் பின்னணியை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.) 1867இல் ஜதுநாத் முகோபாத்யாய் வெளியிட்ட 'தாத்ரி சிக்ஷா' உரையாடல் வடிவில் இப்பெண்களுக்கும் அறிவுரை கூறியது. ஆனால் அதைப் படிக்கக்கூடியவர்கள், பெரும்பாலும், தாயியை அழைக்கும் வீட்டுப் பெண்களாகவே இருந்திருக்க வேண்டும்.

1885இல் தொடங்கிய டஃப்ரின் நிதி, பெண் மருத்துவர், செவிலியர், மருத்துவச்சியரைப் பயிற்றுவித்து இந்தியப் பெண்களுக்கு மருத்துவம் அளிக்க முனைந்தது. ஆண் மருத்துவர் முன் வரமாட்டாத பெண்களின் வழக்கத்தை அது மதித்தது. அந்த அளவில் அது வேற்றுமையை அறிந்த மருத்துவமே. எனினும் அது கருத்தில் கொண்ட வேற்றுமை, முதன்மையாக, திரைக்குள் வாழ்ந்தவர்களின் வேற்றுமை. தாயியோ அதன் பார்வையில் திருத்தப்படவேண்டியவள், இல்லையேல் விலக்கப்படவேண்டியவள்.

காதம்பினி கங்குலி கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1886இல் தகுதி பெற்றார். 1888இல் லேடி டஃப்ரின் மருத்துவமனையில் பணியமர்ந்தார். 1893இல் ஸ்காட்லாந்தில் மேலும் பட்டயங்கள் பெற்றார். அவரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. செல்வர் வீடொன்றில் பேறு பார்த்து முடித்த அவருக்கும் உதவியாளருக்கும் தாழ்வாரத்தில் உணவு வைத்தார்கள். உண்ட இடத்தை அவர்களே துடைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்றார்களாம். அவ்வீட்டாருக்கு அவர் தாயியே. உயர்சாதியில் பிறந்த பிரம்ம சமாஜப் பெண்ணையும் அத்தொழிலின் தீட்டு தொட்டுவிட்டது. 1891இல் 'பங்கபாசி' இதழ் அவரை இழிவுபடுத்தி எழுதியதும், அதன் ஆசிரியர் சிறை சென்றதும் பலரும் அறிந்தவை. தாழ்வார நிகழ்ச்சி அதைவிடக் கூர்மையானது. அங்கே யாரும் வசைபாடவில்லை, வழக்கம்போல நடந்துகொண்டார்கள், அவ்வளவே.

முதிய வயதில் அவர் சென்ற இடம் வேறு. 1922இல், பீகார்-ஒரிசா மாகாண நிலக்கரிச் சுரங்கங்களில் பெண் தொழிலாளர் நிலையை ஆராயக் கவிஞர் காமினி ராயுடன் பயணம் செய்தார். சுரங்கப் பெண்களுள் சந்தால், பவுரி சமூகத்தார் பலர். கைக்குழந்தையோடு நிலத்தடிக்குச் சென்றவர்களும் உண்டு. நிலக்கரி வயல்களில் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'காமின்', அதாவது வேலைக்காரி. கருவுற்றவள், பிள்ளை பெற்றவள் என்ற நிலைக்கு அச்சொல்லில் இடமே இல்லை. சந்தாலியோ வங்காளியின் கிளைமொழி அன்று. முண்டாக் குடும்பத்தைச் சேர்ந்த தனிமொழி. கொல்கத்தாவிலிருந்து செல்லும் மருத்துவர் நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்பதற்கே ஒருவர் இடைநிற்க வேண்டியிருக்கும். டஃப்ரின் திட்டம் பெண் மருத்துவரை அளித்தது, மொழியை அளிக்கவில்லை.

காதம்பினி 1923 அக்டோபர் 3இல் மறைந்தார். பெண்களைச் சுரங்க நிலத்தடியிலிருந்து படிப்படியாக விலக்கும் விதிகள் 1929இல் வந்தன. 1930களின் இறுதிக்குள் அவர்கள் மேலேற்றப்பட்டுவிட்டனர். சுரங்கப் பெண்களுக்கான மகப்பேற்று உதவிச் சட்டம் 1941இல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் நிலத்தடியில் அவர்களுக்கு வேலை இல்லை. 1943இல், போருக்கு நிலக்கரி தேவைப்பட்டபோது, தடை தளர்த்தப்பட்டு அவர்கள் மீண்டும் இறக்கப்பட்டனர். 1946இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டனர்.