தாந்தேயின் நரகமும் கலிலியோவின் தூணும்

இலக்கியக் கழகங்களில் கவிதை பிறக்கும்; திறனாய்வு பிறக்கும்; சிற்சில வேளைகளில் பூசலும் பிறக்கும். அறிவியல் பிறக்குமோ எனின், அதற்கு வித்தேனும் விழுந்ததுண்டு என வரலாறு விடை கூறுகின்றது. இத்தாலியின் பிளாரன்சு நகரில், 1588ஆம் ஆண்டு, பிளாரன்சு அகாதெமி என்னும் இலக்கியக் கழகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகள் அதற்குச் சான்றாகும்.

தாந்தே தம் பெருங்காப்பியத்தில் படைத்த நரகத்தின் வடிவம் யாது, அளவு யாது என்பது அந்நாளில் அறிஞரிடையே நிலவிய வழக்கு. பிளாரன்சு நகரத்து மனேத்தி ஓர் அமைப்பைக் கூறிச் சென்றிருந்தார். லூக்கா நகரத்து வெல்லுத்தெல்லோ அதனை மறுத்து வேறொன்று கூறினார். இவ்வழக்கில் தீர்ப்புரைக்க வந்தவர் முதுபெரும் புலவர் அல்லர். இருபத்து நான்கு வயதுக் கணித இளைஞர். அவர்தாம் கலிலியோ கலிலி.

அவர் மனேத்தியின் பக்கம் நின்றார். நரகம் பூமியின் நடுவை முனையாகக் கொண்ட ஒரு கூம்பு என்றும், அதன் கன அளவு பூமியின் கன அளவில் பதினான்கில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவு என்றும் கணக்கிட்டார். காப்பியத்துள் வரும் அரக்கன் ஒருவனின் முக அளவிலிருந்து அவன் உயரத்தையும், அதிலிருந்து நரகத்தின் அடியில் பனியில் உறைந்து கிடக்கும் லூசிபரின் உயரத்தையும் விகித முறையால் கண்டார். லூசிபரின் உயரம் ஏறத்தாழ 2,000 இத்தாலிய முழம் என்பது அவர் கண்ட முடிவு.

இத்துணைப் பெரிய பள்ளத்தின் மேற்கூரை இடிந்து வீழாதோ என்னும் ஐயத்திற்கும் அவர் விடை வைத்திருந்தார். கூரையின் கனம் 400 மைலுக்கும் மேல்; சிறிய கவிகைக் கூரைகள் இதே விகிதக் கனத்துடன் உறுதியாக நிற்கின்றன; ஆதலின் பெரியதும் நிற்கும் என்றார். மறு ஆண்டே பீசா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டியது.

ஆனால் அவ்விடை பிழையானது. ஒரு கனசதுரக் கல்லின் பக்கத்தை இரு மடங்காக்கினால் அதன் அடிப்பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகும். கல்லின் அடர்த்தி மாறாமையால் எடையும் எட்டு மடங்காகின்றது. எட்டு மடங்கு எடையை நான்கு மடங்கு பரப்பே தாங்க வேண்டியுள்ளது. எனவே பரப்பின் ஒவ்வொரு பகுதியும் முன்னையினும் இரு மடங்கு சுமையைச் சுமக்கின்றது. உருவத்தை ஆயிரம் மடங்கு பெருக்கினால் அச்சுமையும் ஆயிரம் மடங்காகும். சிறு கவிகை நிற்கலாம். அதே வடிவில் நரகத்தின் கூரை நில்லாது.

இவ்வுண்மையைக் கலிலியோ எப்போது உணர்ந்தார்? சொற்பொழிவுகளுக்குப் பின் விரைவிலேயே உணர்ந்திருக்க வேண்டும் எனக் கருதும் ஆய்வாளர் உளர். எவ்வாறாயினும், அவ்வுரைகளை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே அவை நூலாயின. அவற்றின் பிழைக்குரிய திருத்தமோ ஐம்பதாண்டு கழித்து, 1638இல் உலகறிய வெளிவந்தது.

அது துயர் சூழ்ந்த காலம். 1633இல் சமய விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. ஆர்ச்செத்ரி என்னும் ஊரில் தம் இல்லத்திலேயே அவர் காவலில் இருந்தார். 1634இல் அன்பு மகள் மரியா செலஸ்தே மறைந்தார். கண்ணொளியும் அணைந்தது. இத்தாலியில் அவர் நூலை அச்சிட வழியில்லை. ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் எல்செவியர் அச்சகத்தார் வெளியிட்டதே 'இரு புதிய அறிவியல்கள்' என்னும் நூல். அவ்விரண்டனுள் ஒன்று திடப்பொருள்களின் வலிமை பற்றியது.

வெனிசு நகரக் கப்பற்பட்டறையின் தொழிலாளர் அனுபவத்தைப் பாராட்டி அவ்வுரையாடல் தொடங்குகின்றது. பெருங்கப்பலுக்கு ஏன் மிகுதியான முட்டுக்கள் வேண்டும் என்னும் வினா அதனை முன்னே செலுத்துகின்றது. சிறு நாய் தன்னையொத்த இரண்டு மூன்று நாய்களைச் சுமக்கும்; குதிரையோ தன்னையொத்த ஒரு குதிரையைக்கூடச் சுமவாது. மனிதனைப் போன்ற உறுப்பமைதியுடன் அரக்கன் ஒருவன் வாழ வேண்டுமாயின், அவன் எலும்பு மிக வன்மையான வேறு பொருளால் ஆகவேண்டும். அன்றேல் உருக்குலையத் தடிக்க வேண்டும். இவ்விடத்தில் கலிலியோ சான்று காட்டுவது அரக்கனைப் பாடிய அரியோஸ்தோ என்னும் கவிஞரை! இளமையில் லூசிபரை முழக்கோலால் அளந்தவர், முதுமையில் அத்தகைய உருவம் நிற்கவே இயலாது என்பதற்குரிய நெறியை வகுத்தார்.

தூணின் கதையும் அந்நூலில் வருகின்றது. பெரிய பளிங்குத் தூண் ஒன்றை இரு முனைகளிலும் கட்டைகள் தாங்கக் கிடத்தியிருந்தனர். நடுவில் முறியுமோ என்றஞ்சிய ஒருவர் அங்கும் ஒரு கட்டை வைத்தார். சில திங்களில் தூண் அந்நடுக்கட்டைக்கு நேர்மேலேயே முறிந்தது. முனைக்கட்டை ஒன்று உளுத்து இறங்க, தாங்குவாரின்றித் தொங்கிய பாதியின் எடை தூணை நடுவில் ஒடித்தது. இரு கட்டைகளே இருந்திருப்பின் தூணும் உடன் இறங்கியிருக்கும். காக்க வைத்ததே கேடாயிற்று.

கலிலியோவின் முடிவுகளும் குறைவற்றவை அல்ல. சுவரில் செருகிய உத்தரம் முறிகையில், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடும் என அவர் கொண்டார். உத்தரத்தின் வலிமை உயரத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும் என்பது சரியே. ஆனால் மீள்தன்மையுடைய பொருளுக்கு அவர் கணக்கு மும்மடங்கு மிகையாகும். பொருளின் நீட்சி இழுவிசைக்கு நேர்விகிதம் என்னும் விதியை இங்கிலாந்தின் இராபர்ட் ஊக் கண்டார்; 1676இல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல் அதனை விடுவித்தார். வளையும் உத்தரத்தின் மேற்புறம் நீளும், கீழ்ப்புறம் சுருங்கும் என்பதைக் கொண்டு பிரான்சின் பரான், கூலும் ஆகியோர் 18ஆம் நூற்றாண்டில் கணக்கைச் செம்மைப்படுத்தினர்.

கவிஞர் அளவிறந்தவற்றைப் படைக்கலாம். அது அவர்தம் உரிமை. தாந்தேயின் நரகம் கணக்கில் நில்லாமற் போயினும் கவிதையில் நிற்கின்றது. ஆயினும் பேருரு என்பது சிற்றுருவின் பெருக்கம் அன்று. அதற்கெனத் தனி எலும்பு வேண்டும் என்னும் நெறி காப்பியம் இயற்றுவார்க்கும் பொருந்துவதே. இளமையில் அவையோர் முன் உரைத்ததைக் கண்ணிழந்த முதுமையில் கடந்து சென்ற அப்பெரியார், அளவையைக் காட்டிலும் அரிய பாடமொன்றையும் விட்டுச் சென்றார். மெய்ம்மைக்கு முன் தம் சொல்லும் திருத்தத்திற்குரியதே என்பது அப்பாடம்.