வாடகை இருக்கைகளும் வராத ஏழைகளும்

1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆராதனைக்கு வந்தோர் எண்ணப்பட்டனர். அரசாங்கம் குடிமதிப்போடு நடத்திய இக்கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் ஹொரேஸ் மான். வரக்கூடிய நிலையிலிருந்தும் வராதோர் 52 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என அவர் மதிப்பிட்டார். நகரத் தொழிலாளரே அவர்களுள் மிகுதி என்பது திருச்சபையைத் திகைக்கச் செய்தது.

அவர்கள் ஏன் வரவில்லை? ஏழையின் அவபக்தியே காரணம் என்று சொல்லி அமைவது எளிது. மானின் அறிக்கையோ வேறொன்றையும் சுட்டிற்று. ஆலயத்திற்குள்ளும் பேணப்பட்ட வகுப்பு வேற்றுமையே தொழிலாளரின் வெறுப்புக்கு ஒரு முக்கிய காரணம் என்றது. அந்நாளில் பல ஆலயங்களில் நல்ல இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. பணம் செலுத்திய குடும்பம் தன் இருக்கையில் அமர்ந்தது. ஏழைகளுக்கென 'இலவசம்' எனக் குறிக்கப்பட்ட இருக்கைகள் பெரும்பாலும் பின்புறத்திலோ நடைபாதையிலோ கிடந்தன. ஞாயிறு உடுப்பு இல்லாதவன் அங்கு அமரவும் கூசினான்.

இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஏழையை வரவேண்டாமென எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உடை, நடை, பேச்சு, அமரும் இடம் ஆகிய பண்பாட்டு வழக்கங்களே தடுத்தன. ஒரு வகுப்பாரின் வழக்கம் எல்லார்க்கும் உரிய ஒழுங்காகிவிடும்போது, அதற்கு இணங்க இயலாதவன் ஒழுங்கற்றவன் எனப்படுகிறான். பிரெஞ்சு சமூகவியலார் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட நூலில் விளக்கியதும் இதற்கு நெருங்கியதே: இயல்பான நல்ரசனையாகத் தோன்றுவது, உண்மையில் வகுப்புகளைப் பிரித்துக் காட்டும் அடையாளமாகிறது.

இவ்வரலாறு நமக்கு அந்நியமன்று. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமையை விட்டொழிக்குமாறு சுற்றுநிருபம் விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் பலர் அதனை எதிர்த்தனர். வில்சனின் கட்டளை நியாயமானதே. ஆயினும், தமிழ்ச் சபையின் வேற்றுமையைக் கண்டித்த அதே இங்கிலாந்துத் திருச்சபை, தன் தாயகத்தில் இருக்கைக்கு வாடகை வாங்கிக்கொண்டிருந்தது. பிறர் வழக்கம் பாவமாகத் தெரிந்தது. தன் வழக்கமோ ஒழுங்காகவே தெரிந்தது.

யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்ததும் இருக்கை வேற்றுமையையே அன்றோ? வராதோரைக் குறைகூறுமுன், நம் ஆலயங்களில் அவர்களைக் கூசச்செய்வது எதுவென ஆயர்களாகிய நாம் ஆராய்வோமாக.