செகண்ட் ஹேண்டில் வந்த தேவதை

சித்ரோயென் கம்பெனி 1955-ல் வெளியிட்ட காருக்கு வைத்த பெயர் இரண்டே எழுத்து. ஆங்கிலம் படித்தவர்கள் டி.எஸ். என்பார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் வாயில் அது தே.எஸ். சேர்த்துச் சொன்னால் 'தெயெஸ்' என்று காதில் விழும்; அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் பெண் தெய்வம் என்று பொருள். பின்னால் இதே உருவத்தில் விலை குறைந்த ஒரு தங்கையும் வந்தது. அதன் பெயர் இ.தே. அதுவும் சிலேடைதான், 'இதே' என்றால் யோசனை. "தெய்வம் பணக்காரனுக்கு, யோசனை மட்டும் மத்தவனுக்கு" என்று என் தாய்மாமா சொல்லிச் சிரிப்பார். அவர் வாங்கியது தெய்வத்தைத்தான். ஆனால் செகண்ட் ஹேண்டில், அதுவும் மூன்று கை மாறிய பிறகு.

இந்தக் கார் புதிதாக இருந்த காலத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். அது பழசாகிச் சாமானியர்களிடம் வந்து சேர்ந்த காலத்தைப் பற்றித் தமிழில் நான் எதுவும் படித்ததில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் புதுசிலிருந்து தொடங்காவிட்டால் பழசு புரியாது.

1955 அக்டோபரில் பாரீஸ் மோட்டார் கண்காட்சியில் அதன் மேல் இருந்த திரையை விலக்கினார்கள். முதல் கால் மணி நேரத்தில் 743 ஆர்டர், அன்று மாலைக்குள் 12,000 என்பது கார்ப் பிரியர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கும் கணக்கு. உருவத்தைச் செய்தவர் பிளாமினியோ பெர்த்தோனி என்ற இத்தாலியச் சிற்பி. பொறியியல் பொறுப்பு ஆந்த்ரே லெபெவ்ருடையது. அவர் விமானத் தொழிலிலிருந்து காருக்கு வந்தவர். மூன்றாவது ஆள் போல் மாழெஸ். பொறியியல் பட்டம் கிடையாது. சின்ன வயதில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கீழிருந்து மேலே வந்தவர். குமாஸ்தாவாகவே முப்பத்து மூன்று வருஷம் தள்ளிய எனக்கு இந்த மூவரில் அவர் மேல்தான் பிரியம்.

மாழெஸ் செய்தது என்னவென்றால், காரிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு இரும்புக் குண்டுகள். குண்டுக்குள் நடுவே ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறு பக்கம் எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது எண்ணெய் போய் வாயுவை அமுக்கும்; வாயு திருப்பித் தள்ளும். எண்ணெயைத் தள்ள எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு பம்பு, அதில் ஏழு பிஸ்டன். வண்டியில் ஆள் ஏறினாலும் மூட்டை ஏற்றினாலும் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு. ஆனால் அதே எண்ணெய்தான் பிரேக்கைப் பிடித்தது, ஸ்டியரிங்கைத் திருப்பியது, கிளட்சை மிதித்து கியரையும் மாற்றியது. பிரேக்குக்குப் பெடல் கிடையாது. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான். ஒரே இதயம், ஒரே ரத்தம், எல்லா உறுப்புக்கும்.

விளையாட்டுக் காராகவும் அது சோடை போகவில்லை. 1959-ல் மோந்தே கார்லோ ராலியை வென்றது இ.தே. 1966-ல் முன்னால் வந்த ஆங்கிலேய மினி கார்களை விளக்கு விவகாரத்தில் தகுதி நீக்கிவிட்டு, தே.எஸ். 21 ஓட்டிய பின்லாந்துக்காரர் பவுலி தொய்வோனெனை வென்றவராக அறிவித்தார்கள். அந்த வெற்றியை நான் பெரிதாக எண்ணவில்லை. இதன் உண்மையான ஓட்டம் வேறொன்று.

நம் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்றிலிருந்து ஆறாம் நாள், ஆகஸ்ட் 22 மாலை, பாரீஸுக்கு வெளியே பெத்தி கிளமார் என்ற இடத்தில் ஜெனரல் தெ கோலைக் கொல்லப் பதுங்கியிருந்தார்கள். அல்ஜீரியாவைக் கைவிட்டார் என்ற கோபம். நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. கறுப்பு தே.எஸ்.ஸில் தெ கோல், அவர் மனைவி, முன்சீட்டில் மருமகன். டயர்கள் கிழிந்தும் வண்டி பக்கம் சாயவில்லை. டிரைவர் பிரான்சிஸ் மர்ரூ அழுத்தி ஓட்டித் தப்ப வைத்துவிட்டார். சதிக்குத் தலைமை வகித்த பஸ்தியான் திரி மறு வருஷம் மார்ச் 11-ல் சுடப்பட்டார். எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று திண்ணையில் வாதாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாமா இந்தோசீனா போய் வந்த சொல்தா. பிரான்சையே தேர்ந்தெடுத்துக் குடும்பத்தோடு கப்பலேறினார். தே.எஸ். மேல் அவருக்கு ஆசை விழுந்தது அந்தச் செய்தியைப் படித்துத்தான் என்று பிற்பாடு சொன்னார்.

ஆசை நிறைவேறப் பதினேழு வருஷம் ஆயிற்று. அதற்குள் 1973-ல் பெட்ரோல் விலை ஏறி, பெரிய எஞ்சின் கார்களின் மவுசு குறைந்தது. 1974-ல் சி.எக்ஸ். என்ற புது மாடல் வந்தது. 1975 ஏப்ரலில் தே.எஸ். உற்பத்தி நின்றது, அதுவரை பதினான்கு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். சித்ரோயென் கம்பெனியே பெழோ கைக்குப் போயிற்று. மந்திரிகளும் டாக்டர்களும் ஏறிய வண்டி, பழைய கார் சந்தையில் மாணவர்கள் வாங்கும் விலைக்கு வந்தது. 1979-ல் மாமா வாங்கிய தே.எஸ். 21, 1966 தொடக்கத்தில் செய்தது. கொடுத்த விலை அவருடைய இரண்டு மாதப் பென்ஷனுக்கும் குறைவு.

இங்கேதான் சூட்சுமம். விலை குறைந்ததே தவிர வண்டி குறையவில்லை. பம்பு அதே பம்பு, அதன் விலை மந்திரிக்குச் சொன்ன அதே விலை. நம் அம்பாசடரை எந்த மரத்தடி மெக்கானிக்கும் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துக் கிளப்பிவிடுவான். தே.எஸ்.ஸுக்கு, குழாயில் அழுத்தம் எங்கே இறங்குகிறது என்று தெரிந்த ஆள் வேண்டும். புதுசாக இருந்தபோது கம்பெனியின் சொந்தப் பணிமனைகளில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மூன்றாவது உரிமையாளர் அங்கே போகமாட்டார், கட்டுப்படியாகாது. தெருமுனை காரேஜுக்குப் போவார். யானையை வாங்கியவன் கோயில் பாகனைக் கூலிக்கு வைக்க முடியாமல் மாட்டுக்காரனிடம் கயிற்றைக் கொடுத்த மாதிரி.

எண்ணெய் விவகாரத்தைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் தாவர எண்ணெய் கலந்த திரவம் ஊற்றினார்கள். பிறகு சிவப்பு நிறச் செயற்கைத் திரவம். இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அடைமழைக் காலத்து உப்பு ஜாடி போல. ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு. மயிரிழை இடைவெளியில் ஓடும் பிஸ்டன்களுக்குத் துரு என்றால் எமன். 1966 கடைசியில் கம்பெனி கனிம எண்ணெய்க்கு மாறியது, அது பச்சை. இனி குழப்பம் வரக்கூடாது என்று பச்சை எண்ணெய்க்கான பம்பு, குண்டு எல்லாவற்றுக்கும் பச்சை வர்ணமே அடித்தார்கள். காரணம், சிவப்புக்குச் செய்த ரப்பர் சீல்கள் பச்சை பட்டால் ஊதிப்போகும். பச்சைக்குச் செய்தவற்றுக்குச் சிவப்பு ஆகாது. ஒன்றில் ஒன்றைக் கலந்தால் வண்டி மெல்ல மெல்லச் சாகும்.

மாமாவுடையது சிவப்பு வண்டி. வாங்கிய இரண்டாம் வருஷம், அக்கம்பக்கத்து காரேஜ் ஒன்றில் எண்ணெய் குறைந்திருக்கிறது என்று பச்சையை ஊற்றி நிரப்பிவிட்டார்கள். அப்போது பெரும்பாலான வண்டிகள் பச்சைதான். பையனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. சில வாரங்களில் மூட்டுக்கு மூட்டு கசிவு. காலையில் எஞ்சினைக் கிளப்பினால் வண்டி எழுந்திருக்கவில்லை. ஒரு நாள் கடலோரச் சரிவில் இறங்கும்போது பிரேக் பொத்தான் மெத்தென்று போய், சிவப்பு விளக்கு எரிய, கைப்பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். பின்சீட்டில் மாமியும் இரண்டு பிள்ளைகளும். மாமி அதற்கப்புறம் ஒரு வருஷம் அந்த வண்டியில் கால் வைக்கவில்லை.

பழுது பார்க்கக் கேட்ட தொகை, வண்டி வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு. மற்றவர்களாக இருந்தால் அன்றே இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அப்படித்தான் ஆயிரக்கணக்கில் போனது. மாமா ராணுவத்தில் லாரிப் பிரிவில் இருந்தவர். பழைய இரும்புக் கொட்டகையில், பின்னால் இடிபட்டுக் கிடந்த 1970 மாடல் தே.எஸ். ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்து பச்சை வர்ணம் பூசிய பம்பு, குண்டுகள், பிரேக் வால்வு, குழாய்கள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, தன் வண்டியின் சிவப்புச் சாமான்கள் முழுவதையும் எடுத்துவிட்டு மாட்டினார். எட்டு மாதம். ஒரு சிவப்பு உறுப்பு மறந்துபோய் உள்ளே இருந்தாலும் உழைப்பெல்லாம் வீண் என்பதால், வர்ணத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டில் டிக் அடித்திருக்கிறார்.

அந்த நோட்டு பிற்பாடு என் கைக்கு வந்தது. பிரெஞ்சில், சிப்பாய்க் கையெழுத்தில், தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த காசு என்று நான்கு பத்தி போட்டு எழுதியிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் சர்வீஸ் ரிஜிஸ்தரை இவ்வளவு ஒழுங்காக யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. குண்டுகளில் நைட்ரஜன் அடைத்த தேதிகள். எண்ணெய்த் தொட்டியின் வடிகட்டியைப் பெட்ரோலில் அலசிய தேதிகள். இன்னொரு பத்தியில் வெறும் எண்கள்: 35, 32, 28, 11, 6. கேட்டபோது விளக்கினார். எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தைச் சீர்செய்யும் கருவி 'டக்' என்று ஒரு சத்தம் போடும். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுவாராம். அது குறைந்துகொண்டே வந்தால் அழுத்தத்தைச் சேமிக்கும் குண்டில் வாயு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். நாடி பிடித்துப் பார்ப்பதுதான்.

1986-ல் லீவு போட்டு நான் பிரெழுஸ் போயிருந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி, "போகலாமா மாமா?" என்றேன். "இரு மாப்ளே, முதல்ல அது எழுந்து நிக்கட்டும்" என்றார். பசு எழுந்திருப்பது போல முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம். அதன் பிறகு கல் பாவிய தெருவில் போனோம். மடியில் வைத்திருந்த காபி டம்ளர் தளும்பவில்லை. சக்கரம் மாற்ற ஜாக்கி வேண்டாம் என்றும் காட்டினார். வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, பக்கத்தில் ஒரு முட்டுக்கொடுத்து, பிறகு இறக்கினால் சக்கரம் தானாகத் தரையை விட்டு மேலே போகிறது. பின்சக்கரமென்றால் மட்கார்டை முழுசாகக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரே ஒரு போல்ட். இவ்வளவு யோசித்தவர்கள் அடித்தளத்துப் பெட்டிச்சட்டங்களுக்குள் தண்ணீர் தேங்குவதை யோசிக்கவில்லை. எண்ணெய் வியாதிக்கு வைத்தியம் இருந்தது. கடற்காற்றில் அரித்த சட்டத்துக்கு அவரிடம் வைத்தியம் இல்லை.

1992-ல் பிரான்சில் ஐந்து வருஷம் தாண்டிய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. 1994 பிப்ரவரியில், பத்து வருஷத்துக்கு மேல் பழைய காரை இரும்புக்குக் கொடுத்துப் புதுக் கார் வாங்கினால் அரசாங்கம் 5,000 பிராங்க் தரும் என்று அறிவித்தார்கள். பிரதமர் பலதூரின் பெயரால் அதைச் செல்லமாக 'பலதூரெத்' என்றார்கள். ஓட்டைப் புகைவண்டிகளை ஒழிக்கவும், மந்தமாயிருந்த கார் விற்பனையைத் தூக்கவும் அந்தத் திட்டம். அதற்குப் பழைய ரெனோவும் தே.எஸ்.ஸும் ஒன்றுதான். எத்தனை தே.எஸ். அந்த வாயில் போயிற்றோ. எனக்குத் தோன்றுவது, அதற்கும் முன்னால் பதினைந்து வருஷமாகவே இவை ஒன்றையொன்று தின்றுதான் உயிர் வாழ்ந்தன: மாமாவின் வண்டி ஓட இன்னொன்று செத்திருந்தது. இன்று நல்ல நிலையில் உள்ள தே.எஸ்.ஸுக்குப் பல்லாயிரம் யூரோ கேட்கிறார்கள். முப்பது வயது தாண்டியவற்றைச் சேகரிப்பு வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பரிசோதனையும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான். சீல், குண்டு, பம்பு எல்லாவற்றையும் புதிதாகச் செய்து விற்கக் கடைகள் இருக்கின்றன. இது எதுவும் அன்று ஓய்வுபெற்ற சொல்தா ஒருவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அவர் வண்டி பரிசோதனையில் சட்ட அரிப்புக்காகத் தேறவில்லை. 1995 மார்ச்சில் கொடுத்துவிட்டுச் சின்னக் கார் ஒன்று வாங்கினார். மாமி, "அப்பாடா" என்றாராம். மாமா பச்சைப் பம்பையும் நான்கு குண்டுகளையும் கழற்றி வைத்துக்கொண்டுதான் வண்டியை அனுப்பினார். பம்பும் குண்டும் இல்லாத வண்டி நிற்காது, வயிறு தரையில் படக் கிடக்கும். கிரேன் வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அந்தச் சாமான்களைப் பிறகு வேறொரு தே.எஸ்.காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறார், காசுப் பத்தியில் ஒரு கோடு போட்டு.

போன வருஷம் மாமாவின் பேரன் அங்கே ஒரு பழைய தே.எஸ். விலை பேசிக்கொண்டிருப்பதாகவும், தாத்தாவின் நோட்டு வேண்டும் என்றும் போனில் கேட்டான். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன், அலுவலகப் பழக்கம். போனை வைக்கும் முன் அவனிடம் நான் கேட்டது, சிவப்பா பச்சையா என்றுதான். அவன் வண்டியின் வர்ணத்தைச் சொன்னான்.