பொன் விகிதமும் கேமராவும்

1835 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லேகாக் மாளிகையில், புகைப்பட முன்னோடி டால்பட் தன் வீட்டுச் சன்னலைச் சின்னஞ்சிறு காகித நெகட்டிவில் பிடித்தார். இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் அதுவே மூத்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மானியக் கணித ஆசிரியர் மார்ட்டின் ஓம், தன் பாடநூலின் ஓர் அடிக்குறிப்பில் 'பொன் வெட்டு' என்று எழுதினார். மின்தடை அலகுக்குப் பெயர் தந்த ஓமின் தம்பி இவர். முப்பது வருடமாகக் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறவன் என்ற முறையில், இரண்டும் ஒரே வயது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

கணக்கு பழையதுதான். ஒரு கோட்டை வெட்டினால், சிறு துண்டுக்குப் பெரிய துண்டு எத்தனை மடங்கோ, பெரிய துண்டுக்கு முழுக்கோடும் அத்தனை மடங்காக, அதாவது சுமார் 1.618 ஆக, இருக்க வேண்டும். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிவைத்தார். அழகைப் பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. 1509இல் வெனிசில் லூக்கா பாச்சோலி இதைத் தெய்வீக விகிதம் என்று கொண்டாடி நூல் வெளியிட்டார். அதற்குப் படம் வரைந்தவர் லியோனார்டோ டா வின்சி. போதாதா, கதை கட்ட? ஆனால் லியோனார்டோ அதில் வரைந்தது பல முகங்கள் கொண்ட கனவடிவங்களை. கட்டடத்துக்கும் மனித உடலுக்கும் பாச்சோலி எடுத்துக்கொண்டது, பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸின் எளிய முழு எண் விகிதங்களை.

உடல், செடி, கோயில் எல்லாவற்றிலும் 1.618 இருக்கிறது என்று கிளப்பிவிட்டவர் அடோல்ஃப் சைசிங், 1854இல். அதைச் சோதிக்க இறங்கியவர் ஜெர்மானிய உளவியலாளர் ஃபெக்னர். ஒரே பரப்புள்ள பத்துச் செவ்வகங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார். சுமார் 35 சதவீதம் பேர் பொன் செவ்வகத்தைத் தொட்டார்கள். 1876இல் வெளியான அவர் புத்தகத்திலிருந்து ஊரெல்லாம் பரவியது இந்தச் செய்திதான். அதே மனிதர் அருங்காட்சியகங்களில் ஆயிரக்கணக்கான ஓவியங்களையும் அளந்தார். அகலவாக்கு ஓவியங்கள் சராசரியாக 4:3 பக்கம் நின்றன, பொன் விகிதத்தில் இல்லை. இதை யாரும் சொல்வதில்லை.

1912இல் பாரிஸின் கியூபிச ஓவியர்கள் தங்கள் கண்காட்சிக்கே 'பொன் வெட்டு' என்று பெயர் வைத்தார்கள். அதில் பங்கெடுத்த ஆந்த்ரே லோட்டிடம் 1927இல் ஓவியம் படிக்கப் போனவர், பின்னாளில் புகைப்படக்காரரான கார்த்தியே-பிரெசோன். அந்த வழியாகத்தான் விகிதம் அவருடைய லைக்கா கேமராவுக்குள் வந்தது. லைக்காவின் 24×36 மி.மீ. ஃப்ரேமோ வெறும் 1.5, சினிமா ஃபிலிமின் இரண்டு ஃப்ரேம்களை ஒட்டிய அளவு. அந்த 36 மி.மீ. அகலத்தில் மூன்றிலொரு பங்குக் கோடு 12இல் விழும், பொன் கோடு 13.75இல். வித்தியாசம் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்! தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளை லேசாகக் குனிந்தாலே போய்விடும்.

1932இல் செயின்ட் லசார் ரயில் நிலையத்தின் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டும் மனிதரைக் கார்த்தியே-பிரெசோன் எடுத்த படத்தின்மேல் இன்று பலரும், பொன் விகிதத்தில் விரியும் பொன் சுருளை வரைகிறார்கள். ஆனால் வேலிப் பலகை இடைவெளியில் எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்தது. அதை வெட்டிவிட்டுத்தான் அச்சிட்டார்கள்.

வியூஃபைண்டரில் மாட்டக் கட்டச் சட்டங்களைக் கடைகளில் விற்கும் நாள் வரவே கூடாது என்று 1952இல் அவர் எழுதினார். இப்போது படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் க்ராப் செய்யும்போது 'ஓ' பொத்தானைத் தட்டிக்கொண்டே போனால் சுருள் தானாக வரும். பொருந்தவில்லையா, ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தலாம். வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.