வாங்கலாம், கேட்கக் கூடாது

எங்கள் பணி ஆணையில் ‘சம்பளம்’ என்ற சொல் கிடையாது. ‘மதிப்பூதியம்’ என்றுதான் இருக்கும். பதவியின் பெயரோ கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வுச் சான்றும் பெற்று, அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தும் எனக்கு, பெயரில் மட்டும் இவ்வளவு மரியாதை எதற்கு என்ற கேள்வி உண்டு.

இந்தச் சொல் பழையது. ஆங்கிலத்தில் ‘ஹானரேரியம்’ என்பார்கள். மரியாதையைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் வேர். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உல்பியன் என்ற ரோமானியச் சட்ட அறிஞர், சட்டம் கற்பிப்பவர்கள் ஊதியம் கேட்டு வழக்காடக் கூடாது என்று எழுதினார். அந்த அறிவு காசால் அளக்க முடியாத அளவுக்குப் புனிதமானதாம். கொடுத்தால் வாங்கலாம், கேட்டால் இழுக்கு. கேட்கும் உரிமையை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் மரியாதையை வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் பெண்களுக்கு ஆசிரியர் வேலை திறந்துவிட்ட வழி இதற்கு நேர் எதிரானது. 1912இல் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் பிராமண இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். எல்லாச் சாதிப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது கௌரவம் மட்டுமல்ல, பிறந்த வீட்டையோ புகுந்த வீட்டையோ நம்பி நிற்காமல் வாழ ஒரு சம்பளம்.

அந்தச் சம்பளம்தான் இன்று மதிப்பூதியமாகக் கரைந்திருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, அரசுக் கல்லூரிகளில் வகுப்புகள் எங்களை வைத்து நடக்கின்றன. 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் மாதத் தொகை 15,000, 20,000, 25,000 என்றுதான் நகர்ந்தது. அதுவும் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டும். மே மாதம் வீட்டு வாடகைக்கு விடுமுறை இல்லை.

கருவுற்ற தோழி ஒருவர், விடுப்பு எடுத்தால் அடுத்த ஆண்டு ஆணை வருமா என்று பயந்து, மகப்பேறு நாள் நெருங்கும்வரை மாடி ஏறிப் பாடம் நடத்தினார். மகப்பேறு நலச் சட்டம் வந்தது 1961இல். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்கு வேலை செய்த பெண்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2000 மார்ச் 8 அன்று. மண் சுமந்த அந்தப் பெண்கள் தங்களைத் தொழிலாளர்கள் என்று சொல்லத் தயங்கவில்லை. பேராசிரியர் என்று அழைக்கப்படும் நாங்கள்தான் தயங்குகிறோம்.

இந்தச் சொல்லைச் சுமக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பெண்களையும் அரசு கௌரவப் பணியாளர்கள் என்றே வைத்தது. அவர்கள் பெறுவது சம்பளமல்ல, மதிப்பூதியம். எனவே பணிக்கொடை கிடையாது என்று வாதிடப்பட்டது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மதிப்பூதியமும் ஊதியமே என்றது. 2025 ஆகஸ்டில், குஜராத்தில் மாதம் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்த முறையில் வேலை செய்த உதவிப் பேராசிரியர்களுக்கு, அந்தப் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகையைத் தர உத்தரவிட்டது.

இதில் நான் கவனிப்பது வரிசையை. தினக்கூலிப் பெண்களும் அங்கன்வாடிப் பெண்களும் முன்னே போய்க் கேட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டங்கள் பெற்றவர்கள் பின்னே வருகிறோம். அவர்களிடமிருந்து கற்க எங்களுக்கு நிறைய இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும் தோழிகளே, உங்கள் துறையில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் மதிப்பூதியம் என்று விசாரித்துப் பாருங்கள். உங்களில் பலர் நாளை வந்து நிற்கப்போவது எங்கள் இடத்தில்தான். இப்போதே எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.